எந்திரத்தின் மூச்சுக்காற்று

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. இயற்பியல் பயிலும் மாணவனைக் கண்டால் உறவினர்கள் தவறாமல் எடுத்து வீசும் பழமொழியும் அதுவே. என் தாய்மாமா சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாடகைக் கார் ஓட்டுபவர். அவரிடம் இருப்பது பழைய பெட்ரோல் அம்பாசடர். புதிய கார்கள் எத்தனை வந்தாலும் அந்தப் பழைய வண்டியில்தான் மலை ஏற வேண்டும் என்று விரும்பிக் கேட்டு வரும் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். அவர்களை நம்பியே மாமாவின் குடும்பம் நடக்கிறது.

சென்ற கோடையில் அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தது. காலையில் ஒழுங்காக மலை ஏறும் வண்டி, நண்பகலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டால் பாதி மலையில் இழுவை குறைந்து திணறியது. கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கு மாற்றினால்தான் நகர்ந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எந்திரத்துக்குள் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பிளக்குகளை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பைச் சோதித்தார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, இரண்டு நாள் வருமானத்தைக் கொடுத்து 'பவர் பில்டர்' ஒன்றையும் மாமா வாங்கி மாட்டினார். நோய் தீரவில்லை.

"நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே மாப்ளே! காலையில ஏறுற வண்டி மத்தியானம் ஏன் ஏற மாட்டேங்குது? சொல்லு பாப்போம்" என்று ஒரு நாள் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியபோது கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்திரத்தின் உணவு எது?

மோட்டார் வண்டி எதனால் ஓடுகிறது என்று கேட்டால் 'பெட்ரோலால்' என்று உடனே விடை கூறுவோம். அது பாதி உண்மையே. அடுப்பில் விறகு மட்டும் இருந்தால் தீ எரியாது, காற்றும் வேண்டும். நம் பாட்டிமார் ஊதுகுழலை எடுத்து ஊதியபோது விறகைக் கூட்டவில்லை, காற்றைத்தான் கூட்டினார்கள்.

செருமானியரான நிக்கோலஸ் ஓட்டோ 1876-ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு முறையையே பெட்ரோல் கார்கள் இன்றும் பின்பற்றுகின்றன. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உறிஞ்சுகிறது. இரண்டாம் வீச்சில் மேலேறி அக்கலவையை அமுக்குகிறது. பின்னர் தீப்பொறி பட்டு எரியும் கலவை பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகிறது. இந்நான்கனுள் வண்டியின் வலிமையை முடிவு செய்வது முதல் வீச்சே எனலாம். அந்த ஒரு மூச்சில் எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் முறையாக எரிக்க முடியும்.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இதனைக் கன அளவில் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை! மூன்று லிட்டர் பெட்ரோல் எரிந்தால், பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதும் தீர்ந்துவிடும். மாமாவின் அம்பாசடர் எந்திரத்தின் கொள்ளளவு 1489 கன சென்டிமீட்டர். அது நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் முழு வேகத்தில் சுழலும்போது நொடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்றை இழுக்கிறது.

பெட்ரோல் நீர்மம். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் சற்றுப் பெரிய துளையை வைத்துக் கூட்டிவிடலாம். காற்றோ வளிமம். வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் தள்ளுகிற அளவுக்குத்தான் அது உள்ளே போகும். ஆகவே எந்திரத்துக்குப் பஞ்சம் வருவது பெட்ரோலால் அன்று, காற்றால்தான்.

சூடான காற்று மெலிந்த காற்று

வளிமங்களைச் சூடாக்கினால் அவை விரிகின்றன என்பதை முதலாண்டிலேயே படித்தோம். சார்லஸ் விதி எனப்படும் அது நம்மில் பலருக்குத் தேர்வில் ஐந்து மதிப்பெண் தரும் விதி. மலைப்பாதையில் அதுவே மாமாவின் பிழைப்பைத் தொடும் விதி.

அழுத்தம் மாறாதபோது வளிமத்தின் அடர்த்தி அதன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் அமையும். கடல்மட்ட அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்றின் நிறை வருமாறு:

0° செல்சியசில் — 1.293 கிலோகிராம்
30° செல்சியசில் — 1.165 கிலோகிராம்
45° செல்சியசில் — 1.110 கிலோகிராம்
60° செல்சியசில் — 1.060 கிலோகிராம்
75° செல்சியசில் — 1.014 கிலோகிராம்

அதாவது 30 பாகையில் இருந்த காற்று 60 பாகைக்குச் சூடானால் நூற்றுக்கு 9 பங்கு நிறையை இழக்கிறது. 75 பாகையில் 13 பங்கு. சிலிண்டரின் கொள்ளளவு மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒரு படி அளந்து வாங்குகிறது. ஆனால் அந்தப் படியில் விழுவது நெல்லா பதரா என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது.

அப்படியானால் எந்திரத்தின் திறனும் நூற்றுக்கு ஒன்பது குறைந்துவிடுமா? அவ்வளவு குறைவதில்லை. வெவ்வேறு நாள்களில் சோதித்த எந்திரங்களின் திறனை ஒப்பிடுவதற்குப் பொறியாளர்கள் ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி பெட்ரோல் எந்திரத்தின் திறன், தனி வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறுகிறது. காரணம் எளிது. குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்தாலும் சூடான குழாய்ச் சுவர்களையும் வால்வுகளையும் கடக்கும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த காற்று அதிகமாக வாங்குகிறது. சூடான காற்று குறைவாக வாங்குகிறது. எனவே வெளியில் நாம் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிதான் சிலிண்டருக்குள் எஞ்சுகிறது. 30 பாகை சூடேறினால் திறன் நூற்றுக்கு ஐந்தளவு குறையும் என்று கொள்ளலாம். விற்பனைக்காரர்கள் விளம்பரப்படுத்தும் இருபது, முப்பது என்ற விகிதங்களை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பானெட்டுக்குள் ஒரு கத்திரி வெயில்

வெளியே வெயில் 36 பாகைதானே, அதற்கா இத்தனை திணறல் என்று முதலில் நினைத்தேன். எந்திரம் காற்றை வாங்குவது வெளியிலிருந்தா, பானெட்டுக்குள்ளிருந்தா என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அம்பாசடர் எந்திரத்தில் காற்றை வாங்கும் குழாயும் புகையை வெளியேற்றும் குழாயும் எந்திரத்தின் ஒரே பக்கத்தில் உள்ளன. புகைக்குழாய் கீழே, கார்புரேட்டர் அதற்கு மேலே. எரியும் அடுப்பின் மேல் மூக்கை வைத்து மூச்சு விடுவது போன்ற அமைப்பு அது. போதாததற்கு முன்புறத்தில் ரேடியேட்டர் இருக்கிறது. எந்திரத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்ட காற்றை மின்விசிறி போன்ற அதன் விசிறி நேராக எந்திரத்தின் மீதே வீசுகிறது. சமவெளியில் வேகமாக ஓடும்போது காற்றோட்டம் இவ்வெப்பத்தை அடித்துக்கொண்டு போகும். மலையில் வண்டி மெல்ல ஊர்ந்து ஏறும். எந்திரமோ முழு வலிமையோடு வேலை செய்யும். வெப்பம் மிகுதி, காற்றோட்டம் குறைவு.

கம்பி முனையில் உணர்வி உள்ள சிறு மின்னணு வெப்பமானிகள் இரண்டை எடுத்துக்கொண்டேன். ஒன்றைக் காற்று வடிகட்டியின் வாயிலும், மற்றொன்றைப் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வெளியே நிழலிலும் கட்டினேன். முன் இருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு வளைவிலும் குறித்துக்கொண்டே போனேன். அடிவாரத்துக்கு வரும்வரை வெளியே 36 பாகை, வடிகட்டியில் 52. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது வெளியே 33-ஆகக் குறைந்திருந்தது, வடிகட்டியில் 67! ஒரு பேருந்துக்கு வழிவிட்டு எந்திரத்தை நிறுத்தாமல் சில நிமிடம் நின்றபோது 74 பாகை வரை ஏறிற்று. வெளியே மலைக்காற்று வீசிக்கொண்டிருக்க, எந்திரம் கத்திரி வெயிலினும் கொடிய வெப்பத்தை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

மலை இன்னொரு வகையிலும் எந்திரத்தின் மூச்சைக் குறைக்கிறது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போகப் போக வளிமண்டல அழுத்தம் குறைவதால், அங்கே காற்று குளிர்ந்திருந்தும் அதன் அடர்த்தி சேலத்தைவிட நூற்றுக்குப் பத்தளவு குறைந்திருக்கும். இயற்கை எடுத்துக்கொள்ளும் அந்தப் பத்தை நாம் தடுக்க முடியாது. பானெட்டுக்குள் வீணாகும் பங்கைத் தடுக்கலாம்.

சுத்தியல் ஓசையின் பொருள்

எந்திரத்துக்குள் எழுந்த 'டக் டக்' ஓசையை ஓட்டுநர்கள் நாக்கிங் என்பார்கள். அதற்கும் இச்சூட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அமுக்கப்படும் வளிமம் சூடாகிறது. கலவையைச் சிலிண்டர் எட்டில் ஒரு பங்காக அமுக்குகிறது என்று கொண்டால், அதன் தனி வெப்பநிலை ஏறத்தாழ இரு மடங்காகிறது. 30 பாகையில் நுழைந்த காற்று அமுக்கத்தின் முடிவில் ஏறத்தாழ 350 பாகைக்குச் செல்லும். 60 பாகையில் நுழைந்தது 415 பாகைக்குச் செல்லும். நுழைவாயிலில் 30 பாகையாக இருந்த வேறுபாடு முடிவில் 60-ஐத் தாண்டிவிடுகிறது!

தீப்பொறி பட்டதும் தீ ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குச் சீராகப் பரவ வேண்டும். மிகுந்த சூட்டில் இருக்கும் கலவையோ, தீ வந்து சேரும்வரை காத்திராமல் மூலையில் தானே வெடித்துவிடுகிறது. அந்த வெடிப்பின் அதிர்ச்சியே நாம் கேட்கும் ஓசை. இதைப் பல நாள் கவனிக்காமல் விட்டால் பிஸ்டனும் கேஸ்கட்டும் பழுதாகும்.

நாக்கிங்கை அடக்கப் பட்டறையில் தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஓசை குறைந்தது உண்மைதான். ஆனால் நேரம் தவறி எரியும் கலவை பிஸ்டனை முழு வலிமையோடு தள்ளாது. ஆக, சூடான காற்று இரண்டு வகையில் இழப்பை உண்டாக்கியது: காற்றின் நிறை குறைந்தது ஒன்று, தீப்பொறியைத் தாமதப்படுத்த நேர்ந்தது மற்றொன்று.

சத்தம் வேறு, சக்தி வேறு

இனி அந்தப் பவர் பில்டரின் கதையைப் பார்ப்போம். பழைய வடிகட்டியைச் சுற்றியிருந்த தகர உறையை நீக்கிவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டியைத் திறந்தபடியே கார்புரேட்டரின் மேல் பொருத்தியிருந்தார்கள். அதனால் காற்று தடையின்றிப் போகும் என்பது கடைக்காரரின் வாதம். தடை சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் நான்கு பக்கமும் திறந்திருந்த அது, புகைக்குழாய்க்கு மேலே தேங்கிய சூடான காற்றையே அள்ளிக் குடித்தது. பழைய உறை, எந்திரம் மூச்சிழுக்கும் ஓசையையும் அடக்கி வந்தது. உறை போனதும் உறுமல் கூடியது. உறுமலைக் கேட்டு வலிமை கூடிவிட்டதாக மாமா சில நாள் மகிழ்ந்தார். மலைதான் உண்மையைச் சொல்லிற்று.

குழாய் அமைத்த முறை

பழைய வடிகட்டியையே மீண்டும் உறையோடு மாட்டினோம். வடிகட்டியை எந்தக் காரணத்துக்காகவும் நீக்கக் கூடாது. சாலைப் புழுதி சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலச் சுவர்கள் தேய்ந்துவிடும்.

உறையின் வாயிலிருந்து ரேடியேட்டருக்கு முன்புறம் வரை ஒரு குழாயைக் கொண்டுசென்றோம். இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, குழாயின் வாய் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் சூடேறிய காற்றுதான் கிடைக்கும். இரண்டாவது, குழாய் போதிய அகலம் உடையதாக இருக்க வேண்டும். நொடிக்கு 30 லிட்டர் காற்று 7 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும். 4 செ.மீ. குழாயாக இருந்தால் 24 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், குறுகிய குழாய் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்ளும். மூன்றாவது, திடீர்த் திருப்பங்கள் கூடாது. வளைவுகள் மெல்ல வளைய வேண்டும்.

வெப்பம் தாங்கும் வளைகுழாயையே பயன்படுத்தினோம். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பி.வி.சி. குழாய் 80 பாகையை நெருங்கும்போது இளகிவிடும். அது பானெட்டுக்குள் ஆகாது. புகைக்குழாய்க்கும் வடிகட்டிக்கும் நடுவே ஒரு தகரத் தட்டியையும் மறைப்பாக வைத்தோம். சூடான பானெட்டுக்குள் போகும் குழாயிலேயே காற்று சூடாகிவிடாதா என்ற ஐயம் எனக்கு இருந்தது. கணக்கிட்டுப் பார்த்ததில் காற்று அக்குழாயைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதற்குள் அதிக வெப்பத்தை வாங்க முடியாது.

வேகமாக ஓடும் வண்டியின் முன்னே குழாயை நீட்டினால் எதிர்காற்றே உள்ளே தள்ளிவிடும் என்று சிலர் கூறுவர். அமெரிக்காவில் 1964-இல் போர்டு நிறுவனம் பந்தயத்துக்கென்று செய்த தண்டர்போல்ட் காரில், உட்புற முகப்பு விளக்குகள் இரண்டையும் எடுத்துவிட்டு அந்தத் துளைகளின் வழியே கார்புரேட்டருக்குக் காற்று ஊட்டினார்கள். அதிலும் எதிர்காற்றின் அழுத்தத்தைவிடக் காற்றின் குளிர்ச்சியே பெரிய பயன் தந்திருக்க வேண்டும். ஏனெனில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில்கூட எதிர்காற்று தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான். மலைப்பாதையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது பூச்சியம் என்றே கொள்ளலாம்.

மறுநாள் நண்பகலில் அதே பாதையில் ஏறினோம். முன்பு 67 பாகை காட்டிய இடத்தில் வெப்பமானி 41 காட்டியது. அடர்த்தி நூற்றுக்கு எட்டு கூடியது. வர்க்கமூலக் கணக்கின்படி திறன் ஏறத்தாழ நான்கு கூடும். ஐம்பது குதிரைத்திறன் எந்திரத்துக்கு நான்கு விழுக்காடு என்பது இரண்டு குதிரைத்திறன். இது ஒரு பெரிய பயனா என்று கேட்கலாம். ஆள்களும் சுமையுமாக 1,500 கிலோகிராம் இருக்கும் வண்டிக்கு, ஏற்றத்தில் நான்கு விழுக்காடு என்பது 60 கிலோகிராம். ஒரு பயணி இறங்கி நடந்து வந்தால் வண்டிக்கு எவ்வளவு எளிதாக இருக்குமோ அவ்வளவு எளிதாயிற்று!

இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் வந்த பயன் என்று தெரியாது. ஆகவே ஒரு வாரம் கழித்தே, நாக்கிங் அடங்கியதை உறுதி செய்துகொண்டு, தீப்பொறி நேரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் முதல் கியர் கேட்ட வளைவுகள் பலவற்றை வண்டி இரண்டாம் கியரிலேயே கடந்தது.

நான் செய்த தவறு

இவ்வளவோடு கட்டுரையை முடித்தால் என் பெருமை மட்டும் எஞ்சும். நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும்.

குளிர்ந்த காற்று கனமானது, எனவே தாழ்வான இடமே நல்லது என்று எண்ணிக் குழாயின் வாயைப் பம்பருக்கு அடியில் வைத்திருந்தேன். ஓடும் காரின் முன்புறத்தில் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் காற்றின் வெப்பநிலை ஒன்றுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு மாலையில் கனமழை. ரயில் பாதையின் கீழுள்ள சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். முன்னே போன வண்டிகள் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மாமா ஓரமாக நிறுத்தி இறங்கினார். குனிந்து குழாயின் வாயைப் பார்த்தார். "மூச்சு விடத்தானே மாப்ளே குழாய் வெச்சே? தண்ணி குடிக்கவா வெச்சே?" என்றார். நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்து தண்ணீர் வடிந்த பிறகே வீடு சேர்ந்தோம்.

அன்று அவர் இறங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அம்பாசடரின் ஒரு சிலிண்டர் உறிஞ்சும் அளவு 372 கன செ.மீ. பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 50 கன செ.மீ.தான். தேநீர்க் கடைக் கிளாசில் பாதியளவு தண்ணீர் உள்ளே போனால் போதும். ஏறி வரும் பிஸ்டனுக்கு இடம் இராது. கனெக்டிங் ராடு வளையும் அல்லது முறியும். எந்திரத்தையே மாற்ற வேண்டி வரும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் அறிவோம். மூழ்கிய காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று வல்லுநர்கள் எச்சரிப்பது இக்காரணத்தால்தான்.

மறுநாளே குழாயின் வாயை முகப்பு விளக்கின் மேல் மட்டத்துக்கு உயர்த்தினோம். கம்பி வலையும், மழை நேரே அடிக்காதபடி ஒரு மூடாக்கும் வைத்தோம். குழாயின் தாழ்ந்த பகுதியில் நீர் வடிய ஒரு சிறு துளையும் இட்டோம். வெப்பமானி முன்போலவே 41 பாகைதான் காட்டியது. தாழ்வாக வைத்ததால் நான் பெற்றது ஒன்றுமில்லை. இழக்க இருந்ததோ மாமாவின் பிழைப்பு.

இதன் எல்லைகள்

குளிர்ந்த காற்று எல்லா நோய்க்கும் மருந்தன்று. பெட்ரோல் மிச்சமாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். சமவெளியில் நிதானமாக ஓடும்போது எந்திரத்துக்கு முழு அளவு காற்று தேவையில்லை. கார்புரேட்டரிலுள்ள தகட்டுக் கதவே காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அங்கே அடர்ந்த காற்றைக் கொடுத்தால் அக்கதவை இன்னும் சற்று மூடுவோமே தவிர வேறு பயனில்லை. மாமாவின் கணக்குப் புத்தகத்திலும் மைலேஜ் மாறவில்லை.

காற்று அடர்த்தியானால் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோலின் விகிதம் சற்றுக் குறையும். ஆகவே குழாய் பொருத்தியபின் கலவையைச் சரிபார்க்க வேண்டும். மிகக் குளிர்ந்த காற்றும் தீமையே. பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாவதால், ஈரமும் குளிரும் மிகுந்த நாடுகளில் கார்புரேட்டருக்குள் பனி உறைந்து வழியை அடைத்துவிடும். அந்நாடுகளின் பழைய கார்கள் பலவற்றில், குளிர்காலத்தில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள சூடான காற்றையே ஊட்டுவதற்கு ஒரு மடல் இருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சுதானே!

இன்றைய புதிய கார் வைத்திருப்போர் இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. அவற்றில் பானெட்டின் முன்விளிம்பிலிருந்து வெளிக்காற்றை எடுக்கும் குழாய் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. காற்றின் வெப்பத்தை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவியும் உண்டு.

இதே தத்துவம் பெரிய அளவில் பயன்படுவதை டீசல் லாரிகளில் காணலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூசி 1905-இல் காப்புரிமை பெற்ற டர்போ சார்ஜர், வெளியேறும் புகையின் விசையாலேயே காற்றை அமுக்கி எந்திரத்துக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும் அல்லவா? அழுத்தத்தை இரு மடங்காக்கும்போது 30 பாகைக் காற்று 125 பாகையளவுக்குச் சூடாகிவிடும். அடர்த்தி இரு மடங்காவதற்குப் பதில் ஒன்றரை மடங்கே ஆகும். அக்காற்றை இன்டர்கூலர் என்னும் ரேடியேட்டர் போன்ற கருவியில் 55 பாகைக்குக் குளிரவைத்தால் அடர்த்தி 1.85 மடங்காகும். மலைப்பாதையில் சுமையோடு நம்மை முந்திச் செல்லும் லாரியின் இரகசியத்தில் பாதி இக்குளிர்ச்சியே.

முடிவுரை

மாமாவின் வண்டிக்கு நாங்கள் புதிய வலிமை எதையும் தந்துவிடவில்லை. அந்த எந்திரத்துக்கு இயல்பாக உள்ள வலிமையில் சூடு திருடிக்கொண்டிருந்த பங்கை மீட்டுக் கொடுத்தோம், அவ்வளவே. இரண்டு நாள் வருமானத்தை விழுங்கிய பில்டரால் முடியாததை ஒரு துண்டுக் குழாயும் ஒரு தகரத் தட்டியும் செய்தன. அவற்றுக்கு முன்னால் தேவைப்பட்டவை ஒரு வெப்பமானியும் ஒரு விதியும். விதி நம் பாடநூலில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் எங்கே வைத்து அளப்பது என்பதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அளந்த பிறகும், தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்கிக் குனிந்து பார்க்கும் மாமாவைப் போன்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கல்லூரி திறந்தபோது என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு மாமா சொன்னார்: "பரவாயில்லை மாப்ளே, இந்தச் சுரைக்காய் கொஞ்சம் கறிக்கும் ஆகுது."